கரடிப் பெட்டியும் காக்காய்ச் சோறும்

நேஷனல் பார்க்குக்குப் போகிறோம் என்று மல்லிகா சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கோட்டூர்புரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கிண்டியில், ஒரு நேஷனல் பார்க் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வந்துவிடுகிற மான்கள் ரோட்டோரம் வாழைப்பழத் தோல் தின்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதற்காக அமெரிக்காவில் காரில் ஏழு மணி நேரம் போக வேண்டுமா?

"அம்மா, மலைமேல கூடாரம் போட்டு மூணு ராத்திரி தங்கப் போறோம். கரடி இருக்கும்" என்றாள் மகள்.

"கூண்டுலயா?"

"கூண்டுலதான். ஆனா நாமதான் கூண்டுல இருப்போம். கரடி வெளியில சுத்தும்."

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பயத்தால் இல்லை. அறுபத்துநாலு வயதில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைபோல ஆகிவிட்டேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கிடையாது.

என்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஆனாலும் நான் பஸ்ஸில் போனால் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கக் கூச்சப்படுவேன். யாராவது இறங்கினால் சேர்ந்து இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி, கூடையைச் சுமந்துகொண்டு திரும்பி நடப்பேன். "ஊரே என் பஸ்ஸை நிறுத்துது, நீ மட்டும் நிறுத்த மாட்டேன்றியே" என்று அவர் கண்ணை மூடும்வரை கேலி செய்தார். மகளைப் பார்க்க அமெரிக்கா வந்து நாலு மாதத்தில் வெளி ஆள் யாரிடமும் நான் பேசிய பேச்சு 'தேங்க்யூ' மட்டும்தான்.

அரிசி, பருப்பு, நெய், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, அப்பளம், ஊறுகாய் எல்லாம் கட்டினேன். மாப்பிள்ளை சேகர் கார் டிக்கியைப் பார்த்துவிட்டு, "அத்தை, மூணு நாளைக்குத்தான் போறோம். மலையில கல்யாணம் எதுவும் இல்ல" என்றார். சொன்னாரே தவிர, அப்பளக் கட்டு நசுங்காமல் இருக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். முதல் பாதி வழிக்கு மல்லிகா ஓட்டினாள்.

மலை ஏற ஆரம்பித்ததும் சேகர் ஓட்டினார். மலைப்பாதை என்றால் அப்படி ஒரு பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வளைவுக்கு வளைவு நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். பாதி மலையில் காரின் முன்னாலிருந்து புகை கிளம்பியது. ஓரமாக நிறுத்தி, மூடியைத் தூக்கி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார் சேகர். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்து முகம் வெந்துபோன டிரைவர்களை எனக்குத் தெரியும். வாய் வரை வந்துவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் கத்த முடியுமா? மல்லிகாவின் காதில் சொன்னேன். அவள்தான், "கை வெக்காத, வெந்துடும்!" என்று கத்தினாள்.

முக்கால் மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். மேலேயிருந்து இறங்கிவந்த ஒரு தாடிக்காரர் வண்டியை நிறுத்தி, ஒரு பெரிய கேன் தண்ணீர் கொடுத்தார். போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "அவசரப்படாம போங்க, மலை எங்கயும் ஓடிடாதுன்றாரு" என்று மல்லிகா தமிழில் சொன்னாள். நான் தேங்க்யூ சொன்னேன்.

சாயங்காலம் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, அதற்கு அப்புறம் பத்துப் பதினைந்து கூடாரங்களுக்கு மட்டும் இடம். கரண்ட் இல்லை, போன் இல்லை, கடை இல்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். மரங்களை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. எங்கள் பிளாக்கில் குடியிருக்கிற பெண்கள் எல்லோரும் கைகோர்த்தால்தான் ஒன்றைக் கட்டிப்பிடிக்கலாம். கீழே கிடந்த பைன் மரக் காய் ஒன்று ஒரு முழ நீளம். ஆகஸ்ட் மாதத்தில் அப்படி ஒரு குளிர். புடவைமேல் மாப்பிள்ளையின் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, காலில் சாக்ஸ், அதன்மேல் ஹவாய் செருப்பு. இந்தக் கோலத்தில் என்னை ஒரு போட்டோ எடுத்தாள் மகள். "ஊருக்குப் போனா இதை யாருக்கும் காட்டாத" என்றேன். இப்போது நானேதான் எல்லோருக்கும் காட்டுகிறேன்.

கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி, நம் வீட்டுப் பீரோவைப் படுக்கப் போட்டதுபோல. கரடிக்குத் திறக்க வராத மாதிரி அதன் தாழ்ப்பாளை ஒரு மூடிக்குள் வைத்திருக்கிறார்கள். விரலை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். முதல் பத்து நிமிஷம் சேகருக்கும் திறக்க வரவில்லை.

பெட்டிமேல் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துச் சொன்னார். "வாசனை அடிக்கிற எதுவும் வெளிய இருக்கக் கூடாது அத்தை. சாப்பாடு, சோப்பு, பேஸ்ட், எல்லாம் உள்ள."

"தேங்கா எண்ணெ?"

"உள்ள."

"மருந்தீஸ்வரர் கோயில் விபூதி?"

அவர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "உள்ள."

இப்படியாகத் திருவான்மியூர்ச் சாமியின் விபூதி, பற்பசைக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் மூன்று ராத்திரி தங்கியது.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், தனியாக. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கிராப்பு வெட்டிய வெள்ளைத் தலை, அரை டிராயர், மடியில் ஒரு படம் போடுகிற நோட்டு. பெயர் டோரதி. நாங்கள் கூடாரக் கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, அவளே ஆணி அடித்துக் கொடுத்தாள். பிறகு நம் ஊர் கோதுமை தோசையைத் தடியாக ஊற்றினாற்போல் ஒன்று சுட்டு, நீலக் கரை போட்ட காகிதத் தட்டில் எனக்குக் கொண்டுவந்தாள். பதிலுக்கு நெருப்பில் அப்பளம் சுட்டுக் கொடுத்தேன். அவள் அதை உடனே தின்னவில்லை. காதருகே வைத்து உடைத்துச் சத்தத்தைக் கேட்டாள். இன்னொரு துண்டு உடைத்து மறுபடியும் கேட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவள் பேச்சை மல்லிகா சொல்லிக்கொண்டே வந்தாள். வருஷா வருஷம் ரெண்டு வாரம் இங்கே வந்து பறவைகளைப் படம் போடுவாளாம். மிச்ச ஐம்பது வாரமும் இந்த ரெண்டு வாரத்துக்காகக் காத்திருப்பாளாம். "முந்தாநாள் ஒரு நீலக் குருவிக்கு ரெண்டு வேர்க்கடலை போட்டேன். பார்க் அதிகாரி பார்த்துட்டா. இன்னொரு தரம் சாப்பாடு வெச்சா மூட்டையைக் கட்டணும்னுட்டா" என்று சொல்லி, டோரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் ஓர் ஏரி வரை நடந்தோம். நிழல் விழுந்த ஒரு பாறை மூலையில் பனி. ஆகஸ்ட் வெயிலில் பனி! கையில் அள்ளினேன். ஐஸ் வண்டிக்காரன் சீவிப் போடுகிற மாதிரியே இருந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு வாய் போட்டுக்கொண்டேன். மல்லிகா பார்த்துவிட்டாள்.

"இன்னாமா அது, அழுக்குமா!"

"சர்பத்து ஊத்தினா நல்லாருக்கும்டி" என்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. அன்று காலை காக்காய்க்கு வைக்காமல் சாப்பிட்டுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து, ஆக்கிய சோற்றில் முதல் பிடி காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் நான் வாயில் வைப்பேன். வீட்டில் ஏழரை மணிக்கு ஜன்னல் சன்ஷேடில் வந்து உட்கார்ந்து கத்துகிற காக்காய்கள் உண்டு. அமெரிக்காவில் மகள் வீட்டிலும் வேலிமேல் வைத்துவந்தேன். மலையிலோ காக்காய்ச் சத்தமே இல்லை. அன்று தின்ற உப்புமா நாள் முழுக்க நெஞ்சிலேயே நின்றது.

சாயங்காலம் திரும்பி வரும்போது, மரத்து உச்சியிலிருந்து ஒரு கட்டைக் குரல். அண்ணாந்து பார்த்தேன். காக்காய்தான். ஆனால் நம் ஊர்க் காக்காய்க்குப் பெரியப்பா மாதிரி, கழுத்தில் தாடியோடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவர்கள் எழுவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துச் சோறாக்கினேன். பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தேன். எதில் வைப்பது? டோரதி கொடுத்த காகிதத் தட்டைக் கழுவிக் காயவைத்திருந்தேன். ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போட மனசு வருமா? எங்கள் கூடாரத்துக்கும் டோரதியின் கூடாரத்துக்கும் நடுவில் இருந்த தட்டைப் பாறையில் வைத்து, "கா, கா" என்று மெல்லக் கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிடக் கூச்சம். ஆனாலும் பெரியப்பா வந்துவிட்டது. ரெண்டு வாய் தின்றது. மீதியை அதுவே தின்றுவிடும் என்று நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நோட்டீஸ் மறந்துபோய்விட்டதா என்றால், இல்லை. அது சாப்பாட்டை மறந்து வெளியே விட்டுவிடுகிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்தேன். இது படைத்தது. சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்பது என் எண்ணம்.

துணி அலச ஓடைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பாத்திரங்கள் தட்டுகிற சத்தம் காடே அதிரக் கேட்டது. எல்லாக் கூடாரத்துக்காரர்களும் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் கரடி! தேன் நிறம், எருமைக் கன்று அளவு. டோரதியின் மேஜைமேல் முன்காலை வைத்து, சாவகாசமாக முகர்ந்துகொண்டிருந்தது. அவள் நோட்டுப் புத்தகம் கீழே கிழிந்து கிடந்தது. சேகர் மல்லிகாவைப் பின்னால் இழுத்தார். நான் குக்கர் மூடியை எடுத்துக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தம் நான் எழுப்பியதில்லை. கரடி திரும்பி என்னைப் பார்த்தது. பயமும் ஆனந்தமும் சேர்ந்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போதுதான் அதன் மூக்கைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

கை நின்றுபோய்விட்டது. கரடி இறங்கி, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் நடந்து போனது. மற்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் தட்டைப் பாறையைப் பார்த்தேன். துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

அரை மணியில் பார்க் அதிகாரி வந்தாள். முப்பது வயது இருக்கும். பெரிய தொப்பி, இடுப்பில் பெல்ட்டு, சிரிக்காத முகம். சுற்றிவந்து பார்த்தவள் பாறைக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்தாள். கடித்துக் குதறிய காகிதத் தட்டு, நீலக் கரை போட்டது. நேராக டோரதியின் மேஜைக்குப் போனாள். அதே நீலக் கரைத் தட்டுகள் அங்கே அடுக்கி இருந்தன.

"இன்னா சொல்றாங்க?" என்று மல்லிகாவை இடித்தேன்.

"தட்டு உன்னோடதான்னு கேக்கறாங்க. என்னோடதுதான், ஆனா நான் வெக்கலன்றாங்க அந்தம்மா. போன தரமே சொன்னேன், மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடுன்றாங்க."

அந்தத் தட்டை யாருக்குக் கொடுத்தோம் என்று டோரதிக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, கூடாரத்தின் ஆணியைப் பிடுங்கக் குனிந்தாள்.

சேகர் எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், "நல்ல வேளை, நம்மமேல வரல. கிரீன் கார்டுக்குப் போட்ட பேப்பரு இன்னும் ஆபீஸுல கீது. இந்த நேரத்துல ஒரு கேஸு கீஸுன்னு வந்தா அவ்ளோதான்" என்றார்.

வாயைத் திறந்தால் மகள் குடும்பத்துக்கு என்ன ஆகுமோ. திறக்காவிட்டால், ஐம்பது வாரம் காத்திருந்து வந்தவள் இன்றைக்கே போக வேண்டும். முதல் ஆணி வந்துவிட்டது. ரெண்டாவது ஆணிக்குக் குனிந்தாள். மல்லிகாவின் காதில் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் சேகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்வாளா, சொல்லவிடாமல் என் கையைப் பிடிப்பாளா, தெரியவில்லை.

அதிகாரி தன் வண்டிக்குத் திரும்பி நடந்தாள்.

"ஹோல்டான்!"

பஸ்ஸை நிறுத்த எங்கள் ஊர்க் கண்டக்டர்கள் போடுகிற சத்தம். வாழ்நாளெல்லாம் என் வாயில் வராத வார்த்தை, ஒரு மலையே எதிரொலிக்கிற மாதிரி வந்துவிட்டது. அதிகாரி நின்றாள். டோரதி நிமிர்ந்தாள். ஊரே நின்றது.

நான் தட்டைக் காட்டினேன். மார்பைத் தொட்டுக் காட்டினேன். "மீ. ரைஸ், மீ. ஷீ, நோ."

மல்லிகா அமெரிக்கா வந்து எட்டு வருஷமான நர்ஸ். கோபம் வந்தால் மட்டும் கோட்டூர்புரம் திரும்பிவிடுவாள். "இன்னாமா பண்ணி வெச்சிக்கீற நீ? யாரு உன்ன சோறு வெக்கச் சொன்னது?"

"காக்காய்க்கு வெச்சேன்டி. இவ்ளோ தூரத்துல கரடி மோப்பம் புடிக்கும்னு இன்னா கண்டேன்? நீ சொல்லு அவங்ககிட்ட. ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள்.

"காக்காய் சாப்பிட்ட பிறகுதான் நீங்க சாப்பிடுவீங்களா?"

"ஆமா."

"தினமுமா?"

"தினமும்."

"லீவே கிடையாதா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பாறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஈர மண்ணில் பதிந்திருந்த கரடிக் காலடியைக் காட்டினாள். அதன் விரல்கள்கூடத் தெரிந்தன. மல்லிகாவின் குரலும் இப்போது இறங்கிவிட்டது. "நம்ம சாப்பாட்டு ருசி கண்டுட்டா, அது ஆளுங்ககிட்டயே வந்துக்கினு இருக்குமாம். அப்புறம் அதைச் சுடணுமாம். போன வருஷம் ஒண்ணைச் சுட்டது இவங்கதானாம்மா. இன்னொரு தரம் அந்த வேலை செய்ய முடியாதுன்றாங்க."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய? நான் புண்ணியம் என்று வைத்த பிடிச்சோறு அந்தத் தேன்நிற உயிருக்கு எமனாகப் போயிருக்கும். அவளுக்கு என் பாஷை தெரியாது. ஆனால் கன்னத்தில் போட்டுக்கொண்டது புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் தாள் புத்தகத்தை எடுத்தாள். சேகர் முன்னால் வந்து, தன் லைசென்ஸை எடுத்து நீட்டினார். என் மாப்பிள்ளை நல்லவர்.

"வாணாம் மாப்ள" என்று அவருக்கு முன்னால் போய் நின்றேன். "என் பேரை எழுதச் சொல்லு மல்லிகா. இவுரு பேரு வாணாம், உன் பேரும் வாணாம். வெச்சது நான்."

மல்லிகா எழுத்துக் கூட்டிச் சொன்னாள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 'கன்னியம்மா' என்று தமிழில் போட்டேன். அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எத்தனை அழகான எழுத்து" என்றாளாம். அது எழுத்துமூலமான எச்சரிக்கை மட்டும்தான் என்றும், யாருடைய பேப்பருக்கும் அதனால் ஒன்றும் வராது என்றும் சேகர் ரெண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "அத்தை, எங்க ரெண்டு பேர்ல யாருகிட்டயாச்சும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொன்னா வெக்க வாணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றேன். மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. அவர் சிரித்துவிட்டார்.

அதிகாரி இருக்கச் சொன்னதும், டோரதி பிடுங்கிய ஆணியை மறுபடியும் அடித்தாள். நான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். அவள் நோட்டில் கிழிந்த பக்கங்களைப் புளிக்காய்ச்சல் டப்பாவின் பசை டேப்பை உரித்து ஒட்டிக் கொடுத்தேன். அன்று மதியம் நாலு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். ஒரு பருக்கை கீழே விழாமல் பார்த்துக்கொண்டோம்.

கடைசி நாள் காலை. கூடாரத்தைப் பிரித்துவிட்டு, மிச்சமிருந்த அரிசியைப் பொங்கி மேஜையில் உட்கார்ந்தோம். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். என் தட்டில் சோறு, பருப்பு, ஓரத்தில் ஒரு சுட்ட அப்பளம். மேலே அந்தக் கட்டைக் குரல் கேட்டது. நான் தலை நிமிரவில்லை. அதிகாரி எங்கள் இடத்தைச் சோதிக்க வந்து நின்றாள். என் தட்டைப் பார்த்து, விரலைக் காக்காய்ப் பக்கம் காட்டி, பிறகு என் பக்கம் காட்டினாள். இன்றைக்கு யார் முதலில் என்று கேட்கிறாள்.

"மீ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த உப்புமா ஞாபகம் வந்தது. பிசைந்து ஒரு பிடி எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

கறுப்பாக ஏதோ முகத்துக்கு முன்னால் விசிறியது. கன்னத்தில் காற்று அடித்தது. தட்டில் அப்பளத்தைக் காணவில்லை. எதிரே மரக்கிளையில் பெரியப்பா, வாயில் முழு அப்பளத்தோடு. அதை மரத்தில் தட்டி உடைத்த சத்தம் கீழே வரை கேட்டது. டோரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் பயந்துபோய் அதிகாரியைப் பார்த்தேன். அவள் சட்டைப் பையில் மஞ்சள் புத்தகம் தெரிந்தது. ஆனால் அவளோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, காக்காய் இல்லாத வேறொரு மரத்தின் உச்சியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையிலிருந்த பிடியை வாயில் போட்டுக்கொண்டேன். தடையில்லாமல் இறங்கியது.